பல்லு கழட்ட எவ்வளவு முடியும்?

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்து இரண்டு மாதம். கராம்பு, உப்புத் தண்ணி, பனடோல் எல்லாம் பார்த்தாச்சு. கன்னம் வீங்கின அன்றைக்குத்தான் நாங்கள் மூன்று பிள்ளைகளும் ஒரே பேச்சாகச் சொன்னோம்: "நாளைக்கு மலைக்குப் போக வேணாம்மா, பல்லைக் காட்டுவோம்."

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எவ்வளவு முடியும்?"

"சல்லி ஒண்ணும் வேணாம்மா, அரசாங்க ஆஸ்பத்திரி சும்மாதானே" என்றோம்.

எங்கள் தோட்டம் கலஹா பக்கம். கலஹா பஸ் கேம்பஸுக்குள்ளால் வந்து பேராதனையில் இறக்கிவிடும். அங்கேதான் பல் வைத்தியசாலை. 1998இல் ஜப்பான் உதவியோடு கட்டின கட்டிடம். இந்த நாட்டின் பல் வைத்தியர்களில் பெரும்பாலானோர் படித்து வந்த இடமும் அதுதான். அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். நம்பர் எடுத்தோம், காத்திருந்தோம், எக்ஸ்ரே எடுத்தார்கள். வீக்கத்துக்கு மாத்திரை தந்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஒரு சதம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் டொக்டர் சொன்னதை எங்களில் ஒருவர் சிங்களத்தில் கேட்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பல்லைக் காப்பாற்றலாம். வேருக்குள்ளே சுத்தம் செய்து அடைக்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு தடவை வரணும். இல்லையென்றால் இன்றைக்கே கழட்டிவிடலாம்.

அம்மா யோசிக்கவே இல்லை. "புடுங்கிரச் சொல்லு."

பயத்தில் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். ஊசி போட்டு, பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்க வைத்து அனுப்பினார்கள். மறுநாள் பாரம் தூக்க வேண்டாம், வெற்றிலை போட வேண்டாம் என்றார்கள். கொழுந்துச் சாக்கு தூக்குகிற ஆளுக்குப் பாரம் தூக்காத வேலை எது? அன்றைக்கும் அம்மா வீட்டில்தான்.

மாதக் கடைசியில் சம்பளத் துண்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மூன்று பேர் குறைந்திருந்தது. தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறோம்: 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. மலைக்குப் போனால் பேர் விழும், கிலோ குறைந்தால் அரைப்பேர், போகாவிட்டால் ஒன்றும் இல்லை. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் மூன்று பேர் 4,050 ரூபா. பஸ் காசு தனி. அம்மாவோடு போனவர் டவுன் கடையில் லீவு போட்ட நாட்கள் தனி.

பல்லைக் காப்பாற்றப் போயிருந்தால்? நான்கு தடவை, நான்கு பேர், 5,400 ரூபா. டொக்டர் பேசி முடிக்குமுன் அம்மா இந்தக் கணக்கைப் போட்டு முடித்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவரின் கணக்கு, ஏஎல் படித்த எங்களுக்கு வரவில்லை.

கண்டி, பல்லுக்கென்றே மாளிகை கட்டின ஊர். ஆனால் லயத்தில் நாற்பது தாண்டினவர்களின் வாயைப் பார்த்தால் இடைவெளிகள்தான் தெரியும். அவர்கள் பல்லைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள் என்று நாங்களும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறோம். வலிக்காத பல்லைக் காட்டவும் ஒரு பேர் போகும், வலிக்கிற பல்லைக் கழட்டவும் ஒரு பேர் போகும். அப்படியென்றால் யார்தான் வலிக்கும் முன் போவார்கள்? இலவச வைத்தியம் பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இலவசத்தை வாங்கப் போகிற நாளுக்குச் சம்பளம் வேண்டும்.

கழட்டின பல்லோடு விஷயம் முடியவும் இல்லை. அம்மா இப்போது ஒரு பக்கத்தால்தான் மெல்லுகிறார். பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குச் சாயலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

மற்றப் பக்கம் ஒரு பல்லில் சின்னக் கறுப்பு இருக்கிறது. இப்போதே போனால் ஒரே நாளில் அடைத்துவிடலாம். அந்த ஒரு பேரின் காசை நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டுக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

அம்மா இன்னும் சரி சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை பாப்போம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.