டார்ச் லைட் வாங்கிய கதை

என் தகப்பனாரிடம் மூன்று செல் போடும் டார்ச் லைட் ஒன்று இருந்தது. அதை எங்கள் வீட்டில் ஒரு குடும்ப அங்கத்தினர் என்றே சொல்ல வேண்டும். கூடத்துத் தூணில் அதற்கென்று ஓர் ஆணி உண்டு. அந்த ஆணியில் வேறு எதையும் மாட்டக் கூடாது. இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வயல் வரப்பு வழியாக வீடு திரும்பும் இரவுகளில், அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கும் பாக்கியம் யாருக்கு என்று எனக்கும் என் அண்ணனுக்கும் பெரும் போர் மூளும். வெளிச்சம் மங்கினால் உடனே புதுச் செல் வாங்கிவிடுகிற ஊதாரித்தனமெல்லாம் அந்த நாளில் கிடையாது. செல்களைக் கழற்றி, வடாம் காய்கிற பாயிலேயே ஓர் ஓரமாக வெயிலில் வைப்பார்கள். சாயங்காலத்துக்குள் அவற்றுக்குக் கொஞ்சம் பிராணன் திரும்பியிருக்கும்.

இப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவனாகையால், டார்ச் லைட்டைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை என்று அறுபது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவன் ஓர் எலெக்ட்ரீஷியன் பையன். கற்றுக் கொடுத்ததற்கு நான் தட்சிணை கொடுத்திருக்க வேண்டியது நியாயம். ஆனால் அவன்தான் கொடுத்தான். தன் இடது மணிக்கட்டை.

தாம்பரத்துக்கு அப்பால் நாங்கள் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. வீடு மட்டும்தான் முடியவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மின்சாரப் பெட்டியிலும், அதற்கு மேலே ஒன்பது அடி உயரத்தில் இருந்த ஓர் இணைப்பிலும் வேலை பாக்கி நின்றது. மணி ஆறரை ஆகிவிட்டது. "நாளைக்குக் காலையில வந்து முடிச்சுடறேன் சார்" என்றான் பையன். நான் பஞ்சாங்கத்தையும் பெயிண்டர் வரப்போகும் நாளையும் எடுத்துச் சொல்லி, "இன்னிக்கே முடிச்சுடுப்பா" என்றேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசியதாகவே அப்போது எனக்கு எண்ணம்.

இங்கே ஒரு சூட்சுமத்தைச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரீஷியன் என்பவன் நமக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிறவன். ஆனால் அவன் ஒழுங்காக வேலை செய்கிறவனாக இருந்தால், இருட்டில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். முதல் காரியமாக மெயினை அணைத்துவிடுகிறான் அல்லவா? சூரியனும் போய், மெயினும் போய்விட்டால் பாக்கி என்ன இருக்கிறது? அவனுடைய செல்போன்தான் இருந்தது. அதில் விளக்கை எரியவிட்டு, போனைப் பற்களுக்கிடையே கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தான். நான் கீழே நின்று, "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தானோ, போன்தான் வழுக்கியதோ, தெரியாது. போன் விழுந்தது. அதைப் பிடிக்கப் பையன் கையை நீட்டினான். ஏணி நகர்ந்தது. அப்புறம் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

"நல்ல வேளை, தலையில் படவில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். எலும்பு முறிந்தவனைத் தவிர எல்லோருமே அந்த வேளையை நல்ல வேளை என்றார்கள். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அன்றிரவு மேஸ்திரி வந்து பையனின் கருவிப் பையைத் திண்ணையில் வைத்தபோது, அதற்குள் நல்ல பெரிய டார்ச் லைட் ஒன்று இருந்ததைப் பார்த்தேன். செல்லும் புதிதுதான்.

"இது இருக்கும்போது ஏன் மேஸ்திரி போனைக் கடிச்சுக்கிட்டு நின்னான்?" என்று கேட்டேன்.

"பை கீழே இருந்துச்சு, போன் சட்டையில இருந்துச்சுங்க ஐயா" என்றார் மேஸ்திரி.

டார்ச் சாஸ்திரத்தின் முதல் சூத்திரம் இதுதான் என்று பிற்பாடு எனக்கு விளங்கியது. அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போய் நான் செய்த அசட்டுக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன்.

சென்னை ரிச்சி தெருவில் மின்சாரமும் மின்னணுவும் சம்பந்தப்பட்ட எந்தச் சாமானும் கிடைக்கும். என்னைப் போன்ற ஆசாமி அங்கே கால் வைத்தால், கிடைக்கக் கூடாததும் கிடைக்கும். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தவுடனே உயரமான தட்டிலிருந்து உலக்கையைப் போன்ற ஒன்றை இறக்கினார். "சார், இதோட வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போகும்" என்றார். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையில் மயங்கி வாங்கிவிட்டேன்.

பையனின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனுடைய தாயார், "எதுக்குங்க ஐயா இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். பையன் மரியாதை தெரிந்தவன், சிரிக்கவில்லை. எதிர்ச் சுவரை நோக்கி அதை ஒரு தரம் எரித்தான். வெள்ளைச் சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து எங்கள் மூவர் கண்ணையும் அறைந்தது. அணைத்த பிறகு அறையில் ஒன்றுமே தெரியவில்லை.

"திருடனைப் பிடிக்கிறதுக்கு நல்லாருக்கும் சார்" என்றான்.

ஆறங்குலத் தூரத்தில் வேலை செய்கிறவனுக்கு ஒரு கிலோமீட்டர் வெளிச்சம் உதவாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருட்டுக்கு முழுவதும் பழக நம் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிஷம் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கெடுக்க ஒரு விநாடி போதும்.

அடுத்த தடவை மாவுக்கட்டுக் கையோடு அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரியும் வந்தார். இதற்கிடையில், டார்ச் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். நாவல் எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேலை?

அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டில் இதற்கென்று 'எஃப். எல். 1' என்று ஓர் அளவு முறை ஏற்படுத்தினார்கள். அதன்படி, 'இத்தனை மீட்டர் தூரம்' என்றால், வெளிச்சம் கால் லக்ஸாகக் குறைந்துபோகும் இடம் வரையில் என்று அர்த்தம். அது பௌர்ணமி நிலவின் வெளிச்சம். நிலாவில் சோறு சாப்பிடலாம். ஒயர் முறுக்க முடியுமா? 'இத்தனை மணி நேரம் எரியும்' என்றால், ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரையில் என்று பொருள். ஆயிரம் லூமென் என்று மார்தட்டுகிற சின்ன டார்ச்சுகள் பல, சில நிமிஷங்களில் சூடு தாங்காமல் தாமாகவே தணிந்துவிடுகின்றன. இந்த எண்களில் பொய் ஒன்றும் கிடையாது. கல்யாணத் தரகர் சொல்கிற வயதைப் போல, கேட்கிறவன்தான் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும்.

கைவேலைக்கு ஐம்பது முதல் நூறு லூமென் போதும். ஓர் அறை முழுவதையும் பார்க்க முந்நூறு தாராளம். இதை நான் கம்பீரமாக எடுத்துச் சொன்னேன். பையன் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். சிவப்பு, கறுப்பு, பச்சை, பழுப்பு என்று விரல் நீளத்துக்கு ஒயர்த் துண்டுகள்! கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொரு டார்ச்சையும் மேஜைக்கடியில் இருட்டில் எரித்து, அந்தத் துண்டுகளின் மேல் காட்டினான். ஒரு டார்ச்சின் நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் சிவப்பும் பழுப்பும் அண்ணன் தம்பிகளைப் போல இருந்தன. இன்னொன்றில் சிவப்பு சிவப்பாகவே தெரிந்தது.

"வீட்டு ஒயரிங்ல சிவப்பு கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பழைய வீட்டுல ஒயர் அழுக்கேறிப் போயிருக்கும் சார். அதுல இந்த லைட்டைப் பிடிச்சா எது எதுன்னே தெரியாது" என்றான்.

இதன் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது, அனுபவம்தான் இல்லை. எல்.இ.டி. விளக்கு பிறவியில் நீலம். அந்த நீல விளக்கைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசித்தான் வெள்ளையாக்குகிறார்கள். பூச்சு மட்டமாக இருந்தால் சிவப்பு ஏமாந்து போகிறது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு 'சி.ஆர்.ஐ.' என்று நூற்றுக்கு மதிப்பெண் உண்டு. சாதாரண டார்ச்சுகள் எழுபதையொட்டி வாங்கும். தொண்ணூறுக்கு மேல் வாங்குவதுதான் ஒயர் வேலைக்கு உத்தமம்.

மேஸ்திரியின் பரீட்சை வேறு விதம். கடைச் சுவரோடு சுவராக டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தபோது வழவழவென்று இருந்த பூச்சில், மேடும் பள்ளமும் கரணைத் தடமுமாக நிழல் நிழலாக எழுந்தன. "நேரா அடிச்சா எந்தச் சுவரும் அழகுதான் ஐயா. பக்கவாட்டுல அடிச்சாத்தான் கொத்தனார் யாருன்னு தெரியும்" என்றார். இதற்கு ஊசி போல் பாய்கிற வெளிச்சம் உதவாது; ஒரே சீராகப் பரவுகிற வெளிச்சம் வேண்டும்.

பிறகு செல்லைப் பற்றி விவாதம் நடந்தது. பென்சில் செல் போடுவதை வாங்கினால் எந்தப் பெட்டிக் கடையிலும் செல் கிடைக்கும் என்றேன் நான். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அது ஒழுகி டார்ச்சைத் தின்றுவிடும் என்றான் பையன். லித்தியம் செல் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். பதினெட்டு மில்லிமீட்டர் கனம், அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளம். அதனால் அதன் பெயரே 18650. பென்சில் செல்லைவிட மூன்று பங்கு சக்தி அதில் அடங்கியிருக்கிறது. போனுக்குப் போடுகிற அதே ஒயரால் சார்ஜ் ஏற்றலாம்.

"சார்ஜ் போட மறந்துட்டா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"போனுக்கு மறக்கிறோமா மேஸ்திரி?" என்றான் பையன்.

கடைசிப் பரீட்சையை நடத்தியது அவனுடைய மாவுக்கட்டு. ஒரு கையால் எடுக்க முடிகிறதா? ஒரு கையால் எரிக்க முடிகிறதா? ஒரு கையால் எங்காவது மாட்ட முடிகிறதா? இப்படிப் பார்த்துக்கொண்டே வந்ததில் பல அழகான டார்ச்சுகள் தோற்றுப் போயின. ஜெயித்தது, விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான ஒரு சின்னஞ்சிறு டார்ச். அதன் தலை 'ட' எழுத்தைப் போல மடங்கியிருந்தது. சட்டைப் பையில் செருகினால் வெளிச்சம் எதிரே விழும். அடியில் ஒரு காந்தம். இரும்புப் பெட்டிக் கதவில் ஒட்ட வைக்கலாம். ஒரு பட்டையில் கோத்து நெற்றியிலும் கட்டிக்கொள்ளலாம். 'ஐ.பி. 67' என்று போட்டிருந்தது. சிமெண்டுத் தூசி புகாது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் சேதமில்லை. முதல் தட்டலில் மெல்லிய வெளிச்சம்தான் வரும், கண்ணை அறையாது. பைக்குள் தானாக எரிந்து சட்டையைச் சுடாமல் இருக்க, பின் மூடியைக் கொஞ்சம் திருகித் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் செய்து காட்டினார்.

1899-இல் நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் கையில் பிடிக்கும் மின்விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்துச் செல்லுக்குத் தொடர்ந்து எரிக்கத் தெம்பு இல்லை. மின்னி மின்னி அணையத்தான் முடிந்தது. அமெரிக்காவில் அதற்குப் 'ஃபிளாஷ் லைட்' என்ற பெயர் வந்ததே அதனால்தான். அன்று முதல் விளக்கைச் செய்கிறவர்களெல்லாம் வெளிச்சத்தைக் கூட்டுவதிலேயே கண்ணாக இருந்திருக்கிறார்கள். விளக்கைப் பிடிக்கிறவனுக்கு இரண்டு கைதான் என்ற ஞாபகம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. எனக்கு இன்னும் தாமதமாக வந்தது.

கிரகப்பிரவேசம் குறித்த நாளில் நடந்தது. மாடிப்படிக்குக் கீழே மட்டும் ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைத்தோம். விளக்கு போடாத இடம் அது ஒன்று இருந்தது என்பதை வந்தவர்கள் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. எவ்வளவு அவசரமான இணைப்பு என்று நான் நினைத்திருந்தேன்!

நாலு மாதம் கழித்துப் பையன் வந்து அந்த இணைப்பைப் போட்டுக் கொடுத்தான். அன்றும் அந்தி மயங்கிவிட்டது. மெயினை அணைத்தான். நெஞ்சைத் தொட்டான். மார்பிலிருந்து வெளிச்சம் இறங்கிற்று. இரண்டு கைகளும் ஒயரில் இருந்தன. வாய் எங்கள் வீட்டுக் காப்பியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தது. இடது மணிக்கட்டை மட்டும் நடுவில் இரண்டு தடவை உதறிக்கொண்டான். "மழைக்காலம் வந்தா கொஞ்சம் வலிக்குது சார், அவ்வளவுதான்" என்றான்.

உலக்கை டார்ச் என் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. வந்தவர்கள் எடுத்துப் பார்த்து, "எவ்வளவு தூரம் போகும்?" என்று விசாரிக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் என்கிறேன். எனக்கு அன்று தேவைப்பட்டது அவ்வளவு பெரிய வெளிச்சமல்ல. "சரி தம்பி, நாளைக்கே வா" என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு வேண்டிய வெளிச்சம் இருந்திருந்தால் போதும்.