டாரதியின் குறிப்பேடுகள்

நாட்குறிப்பு என்பது பிறர் படிப்பதற்கென எழுதப்படும் நூல் அன்று. அதை எழுதுபவர் புகழை நாடுவதில்லை. அன்றைய நாள் மறந்து போய்விடக் கூடாது என்று மட்டுமே எண்ணுகிறார். ஆயினும் அத்தகைய எளிய ஏடுகள் சில, அச்சேறிய நூல்களுக்கு இணையாக மதிக்கப்படுகின்றன. இங்கிலாந்து நாட்டுக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் இல்லத்தில் அவருடைய தங்கை டாரதி எழுதிய குறிப்பேடுகள் அவ்வகையைச் சேர்ந்தவை.

டாரதி 1771ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிறந்தார். நான்கு சகோதரர்களுக்கு நடுவே அவர் ஒருவரே பெண். ஆறு வயதில் தாயை இழந்தார். வெளியூரில் இருந்த உறவினர் வீட்டில் வளர அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் தந்தையும் மறைந்தார். உடன்பிறந்தோரைக் காணாமலேயே அவருடைய இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1799ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு ஒரு வீடு வாய்த்தது. மலைகளும் ஏரிகளும் சூழ்ந்த கிராஸ்மியர் என்னும் சிற்றூரில், முன்பு சத்திரமாக இருந்த ஒரு சிறிய வீட்டில் அண்ணன் வில்லியமும் அவரும் குடியேறினர். கடலோடியான தம்பி ஜானும் சில மாதங்கள் அவர்களுடன் வந்து தங்கினார்.

1800ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வில்லியமும் ஜானும் யார்க்‌ஷயர் பகுதிக்குப் பயணம் புறப்பட்டனர். அவர்களை வழியனுப்பிவிட்டு ஏரிக்கரையில் ஒரு கல்லின்மீது அமர்ந்து டாரதி நெடுநேரம் அழுதார். அவர்கள் திரும்பும் வரை நாள்தோறும் எழுதுவது என்று அன்றே முடிவு செய்தார். தனிமை தம்மை வருத்தாமல் இருக்க வேண்டும். திரும்பி வரும் அண்ணன் அதைப் படித்து மகிழ வேண்டும். இவ்விரண்டைத் தவிர அவருக்கு வேறு நோக்கம் இல்லை. சில வாரங்களுக்கென்று தொடங்கிய அந்தப் பழக்கம் 1803ஆம் ஆண்டு சனவரி வரை நீடித்தது.

அவ்வேடுகளில் என்ன இருக்கிறது? ரொட்டி சுட்ட நாள், துணி வெளுத்த நாள், தோட்டத்தில் பட்டாணி நட்ட நாள், தலைவலியால் படுத்திருந்த நாள் ஆகியவை இருக்கின்றன. எதிர்பார்த்த கடிதம் வராத ஏமாற்றம் இருக்கிறது. வாசலில் வந்து நின்ற இரவலர்கள் சொன்ன கதைகள் இருக்கின்றன. நிலவு ஏரியில் விழுந்த விதமும் காற்று மரங்களை அசைத்த விதமும் இருக்கின்றன. அடுப்பங்கரையையும் வானத்தையும் ஒரே அக்கறையுடன் பார்த்த கண்கள் டாரதியுடையவை.

அக்கண்கள் கண்டவை அண்ணனின் கவிதைகளுக்கும் உரமாயின. 1800ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் உடன்பிறந்தோர் இருவரும் வழியில் ஒரு முதியவரைச் சந்தித்தனர். மருத்துவத்திற்குப் பயன்படும் அட்டைகளைப் பிடித்து விற்பது அவர் தொழில். அட்டைகள் அரிதாகிவிட்டதையும், அவற்றின் விலை ஏறிவிட்டதையும், மனைவியையும் பிள்ளைகள் பலரையும் அவர் இழந்ததையும் டாரதி எழுதி வைத்தார். 1802ஆம் ஆண்டில் வில்லியம் அம்முதியவரைப் பற்றிப் புகழ்பெற்ற கவிதை ஒன்றை இயற்றினார்.

இந்தியப் பள்ளி மாணவர் பலர் ஆங்கிலப் பாடநூலில் படித்துள்ள டாஃபோடில் மலர்க் கவிதையின் வரலாறும் இத்தகையதே. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் கடுங்காற்றில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை வழியே இருவரும் நடந்தபோது அம்மலர்களைக் கண்டனர். மலர்கள் கற்களில் சாய்ந்திருந்ததையும் காற்றில் ஆடியதையும் டாரதி விரிவாகப் பதிவு செய்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வில்லியம் கவிதை எழுதினார். அது 1807இல் நூலில் வெளிவந்தது. அக்கவிதையில் மலர்களைக் காண்பவர் தனியாகவே நடக்கிறார். அருகில் நடந்த தங்கைக்கு அதில் இடமில்லை.

இதை அநீதி என்று கூறிவிடலாமா? குறிப்பு வேறு, கவிதை வேறு. ஓசையும் வடிவும் தந்து அந்தக் காட்சியை உலகறியச் செய்தது அண்ணனின் உழைப்பு. காணவும் கேட்கவும் தமக்குக் கற்பித்தவர் தங்கையே என்று வில்லியம் வேறொரு கவிதையில் நன்றியுடன் கூறியுள்ளார். டாரதியும் நூலாசிரியராகப் பெயர் பெற விரும்பவில்லை. எனினும் அக்கவிதையை மட்டும் படிப்பவருக்கு, அன்று ஏரிக்கரையில் இருவர் நடந்தனர் என்ற உண்மை தெரியாது. அவ்வுண்மையைக் காத்து வைத்திருப்பது குறிப்பேடே.

எழுதிய நாளில் சாதாரணமாகத் தோன்றும் வரி, பின்னர் விலைமதிப்பற்றதாகிவிடுவதும் உண்டு. 1800ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் ஜான் விடைபெற்றார். அல்ஸ்வாட்டர் ஏரி கண்ணுக்குத் தெரியும் இடம்வரை சென்று அவரை வழியனுப்பியதை டாரதி சுருக்கமாகவே குறித்தார். அதன்பின் ஜான் கிராஸ்மியருக்குத் திரும்பவே இல்லை. 1805ஆம் ஆண்டு பிப்ரவரியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலுக்குத் தலைவராக இந்தியாவை நோக்கிப் புறப்பட்ட அவர், இங்கிலாந்தின் கரையருகிலேயே கப்பல் மூழ்கி உயிரிழந்தார். தம்பி அந்த வீட்டில் வாழ்ந்த நாள்களுக்கு அக்குறிப்புகளே சான்றாயின.

டாரதி 1855இல் மறைந்தார். அவர் வாழ்ந்தபோது சிறு பகுதிகள் மட்டுமே அச்சாயின. ஏடுகள் விரிவான அளவில் 1897இல் நூலாக வெளிவந்தன. 1800ஆம் ஆண்டின் இறுதி முதல் ஏறத்தாழ பத்து மாதங்களுக்கான குறிப்புகள் கிடைக்கவில்லை. எஞ்சிய நான்கு ஏடுகள் கிராஸ்மியரில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. சில இடங்களில் வரிகள் மையால் அடித்து மறைக்கப்பட்டுள்ளன.

கிடைக்காத அந்தப் பத்து மாதங்களிலும் அவ்வீட்டில் ரொட்டி சுடப்பட்டிருக்கும். ஏரியில் நிலவு விழுந்திருக்கும். யாரேனும் வாசலில் வந்து நின்றிருப்பர். அவற்றை டாரதியின் கண்களால் காணும் வாய்ப்பு இனி எவருக்கும் இல்லை. பிரிந்து வாழும் குடும்பங்களில் ஒருவரேனும் அன்றாடம் நான்கு வரி எழுதி வைத்தால், நாளை அதைத் தேடும் ஒருவருக்கு அந்நாள் முழுவதும் மீண்டும் கிடைக்கும்.