எங்கள் வீட்டு உப்பளம்

தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்குக் கடலைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்பார்கள். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அறுபது லிட்டர் கடல் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்திற்கே வந்து அந்த எண்ணத்தைத் திருத்திவிட்டது. அந்தக் கதையைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கையும். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் சித்தப்பாவுக்கு மும்பையில் வேலை கிடைத்தது. தாம் நான்கு ஆண்டுகளாகப் பேணி வந்த கண்ணாடித் தொட்டியை அவர் எங்கள் கையில் ஒப்படைத்தார். அதில் இரண்டு கோமாளி மீன்கள், சிவப்புக் கோடிட்ட ஓர் இறால், காளான் வடிவத்தில் ஒரு தோல் பவளம், பச்சைப் பொத்தான்களைக் கொட்டி வைத்தாற்போல் ஒரு பொத்தான் பவளக் கூட்டம் ஆகியவை இருந்தன. “என் பிள்ளைகளை விட்டுப் போகிறேன், பத்திரம்” என்று கூறியபோது சித்தப்பாவின் கண் கலங்கியது.

பவளம் என்பது செடியன்று, கல்லுமன்று. அது ஓர் உயிரினம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, குடியிருக்கும் வீட்டிற்கு வாடகை கொடுப்பதுபோல் பவளத்திற்கும் ஊட்டுகின்றன. கல்போல் கூடு கட்டும் கடினப் பவளங்களை நம் நாட்டுச் சட்டம் 2001ஆம் ஆண்டு முதல் புலிக்கும் யானைக்கும் இணையாக முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஆகவே அவற்றை வீட்டில் வளர்க்கக் கூடாது. எங்களுடையவை மென்மையான வகைகள். அவையும் கடலில் பறித்தவை அல்ல. சித்தப்பாவின் நண்பர் தம் தொட்டியில் வளர்த்து வெட்டிக் கொடுத்த துண்டுகள்.

மே மாத வெயிலில் தொட்டி நீரின் வெப்பம் 31 பாகையைத் தாண்டியது. பவளங்களுக்கு 24 முதல் 27 வரை இருந்தால் நல்லது. எனவே பள்ளி திறக்கும் சமயத்தில் தொட்டியின் மேல் ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்தினோம். வெப்பம் மூன்று பாகை குறைந்தது. “பார்த்தீர்களா எங்கள் கெட்டிக்காரத்தனத்தை!” என்று அம்மாவிடம் பெருமை பேசினோம்.

மூன்று வாரம் சென்றது. தோல் பவளம் தலை கவிழ்ந்தது. அதன் மேல் புல்போல் அசையும் சிறு கைகள் வெளியே வரவே இல்லை. தோல் பவளம் சில வேளை மெல்லிய மேல்தோலை உரித்துப் போடும். அதுவரை சுருங்கியே இருக்கும். அதுதான் என்று எங்களைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் பொத்தான்களும் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன. ஒளி போதவில்லை என்று விளக்கைத் தாழ்த்தினோம். பசியோ என்று இருமடங்கு உணவு போட்டோம். ஒரே வாரத்தில் கண்ணாடியெல்லாம் பாசி படிந்தது. பவளங்கள் இன்னும் வாடின.

அப்போதுதான் எங்களுக்குத் தம்பியின் நினைவு வந்தது. அவன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். நாற்காலியில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். செம்பு கலந்த காசு எதையாவது உள்ளே போட்டிருப்பான், அதுதான் நஞ்சாகிவிட்டது என்று முடிவு கட்டினோம். “நான் போடலை அக்கா” என்று அவன் எத்தனையோ முறை சொன்னான். நாங்கள் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லி அடி வாங்கிக் கொடுத்தோம். கூடத்திற்கே வரக் கூடாதென்று தடையும் போட்டோம்.

மறுநாள் விலங்கியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் எங்கள் துயரத்தைக் கூறினோம். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இறால் எப்படி இருக்கிறது?” என்றார்கள்.

“நன்றாகத் துள்ளுகிறது, சிஸ்டர்.”

“செம்பு கரைந்திருந்தால் முதலில் சாவது இறால்தான். அப்படியானால் தம்பி காசு போட்டிருப்பானா?”

எங்களால் பதில் பேச முடியவில்லை.

“ஒரு பவளம் மட்டும் வாடினால் அதற்கு நோயாக இருக்கலாம். எல்லாம் சேர்ந்து வாடினால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு முதற்படி என்ன? ஆத்தும சோதனை! ஒரு நோட்டில் மே மாதம் முதல் நீங்கள் செய்தது ஒவ்வொன்றையும் எழுதி வாருங்கள். தம்பி செய்ததை அல்ல, நீங்கள் செய்ததை” என்றார்கள்.

எழுதினோம். விசிறி வைத்த நாள் முதல் தினமும் அரை லிட்டர் நீர் வற்றியிருந்தது. கடல் உயிர்களுக்குக் கடல்நீர்தானே வேண்டும் என்று, உப்புப் பொடி கலந்த நீரையே நாள்தோறும் ஊற்றி நிரப்பியிருந்தோம். பள்ளி திறந்த அவசரத்தில் வாரந்தோறும் செய்யும் நீர் மாற்றத்தையும் விட்டுவிட்டோம்.

சிஸ்டர் நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். “உப்பு விளையும் ஊர்ப் பிள்ளைகள்தானே நீங்கள்! பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சினால் வெயிலில் போவது எது, தங்குவது எது?”

எங்களுக்குச் சுரீரென்றது. போவது நீர், தங்குவது உப்பு! பள்ளிப் பேருந்தில் தினமும் பார்த்துச் செல்லும் உப்பளத்தை எங்கள் கூடத்திலேயே நாங்கள் கட்டி வைத்திருந்தோம். கணக்கும் போட்டுப் பார்த்தோம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. இருபது நாளில் பத்து லிட்டர் ஊற்றினால் 350 கிராம் உப்பு கூடுதல். அறுபது லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 41 கிராம் ஆகிறது!

அப்படியானால் எங்கள் வீட்டுத் திரவமானி ஏன் சரியான அளவாகிய 1.025ஐயே காட்டியது? அதன் முள்ளில் உப்பு படிந்திருந்தது. முள் கனத்ததால் அது உயராமல் குறைத்துக் காட்டியிருக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் திரவமானியில் அதே நீர் 1.030ஐத் தொட்டது. எங்களுடையதை வினிகரில் ஊறவைத்துக் கழுவினோம். பிறகு அதுவும் உண்மை பேசியது.

உடனே எல்லா நீரையும் மாற்றத் துடித்தோம். சிஸ்டர் தடுத்தார்கள். மெல்லக் கூடிய உப்பை மெல்லத்தான் குறைக்க வேண்டும். திடீர் மாற்றம் உயிருக்கு ஆபத்து. நாளுக்கு ஒரு லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை விட்டோம். வற்றும் நீருக்கும் அதையே ஊற்றினோம். விளக்கைப் பழைய உயரத்திற்கு ஏற்றினோம், உணவைக் குறைத்தோம். பத்து நாளில் உப்பு பழைய அளவுக்கு வந்தது. பொத்தான் கூட்டத்தில் பாதி அழுகிப் போயிற்று. அதைக் காப்பாற்ற இயலவில்லை. ஆனால் பதினோராம் நாள் காலை, தோல் பவளம் தன் சிறு கைகளை ஒவ்வொன்றாய் நீட்டியது.

முதலில் பார்த்தவன் தம்பிதான். தடையை மறந்து, “அக்கா, பூத்திருச்சு!” என்று கூவிக்கொண்டு ஓடி வந்தான். அடி வாங்கியதை அவன் நினைவில் வைக்கவில்லை. எங்களால் மறக்க முடியவில்லை. அவனருகில் உட்கார்ந்து, “தப்பு எங்களுடையதுடா, மன்னித்துக்கொள்” என்று இருவரும் கேட்டோம். அப்பாவிடமும் உண்மையைச் சொன்னோம். சித்தப்பாவுக்கும் ஒளிக்காமல் எழுதினோம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாங்கள் விளக்கைக் குறை சொன்னோம், தம்பியைக் குறை சொன்னோம். எங்கள் கைச் செம்பை மட்டும் பார்க்கவில்லை. நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களும் 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி, உள்ளிருந்த நுண்பாசிகளை இழந்து வெளுத்தன. அந்தப் பெரிய தொட்டியைச் சரிசெய்ய ஒரு செம்புத் தண்ணீர் போதாது. அங்கும் தேட வேண்டியது மனிதராகிய நாம் செய்ததைத்தான்.

இப்போது எங்கள் தொட்டிக் கண்ணாடியில் ஒரு நீலக்கோடு இருக்கிறது. தினமும் காலையில் நீர் அந்தக் கோட்டிற்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, உப்பில்லாத நீரை ஊற்றுவது தம்பியின் வேலை. ஒரு நாள்கூட அவன் தவறியதில்லை.