கரூர்: காசு கிடைச்ச ஆறு, சாயம் கலந்த ஆறு

திருப்பூர்க்காரங்க கிட்ட கரூர்னு சொன்னா ரெண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒண்ணு, பஸ் பாடி கட்டுற ஊரு. இன்னொண்ணு, பெட்ஷீட்டும் டவலும் ஏத்துமதி பண்ற ஊரு. "நாம பனியன், அவங்க பெட்ஷீட்"னு ஒரே வரியில முடிச்சிருவோம். காங்கேயம், வெள்ளகோவில் வழியா ரெண்டு மணி நேரப் பயணம். அந்த ஊரு ஒரு காலத்துல சேரர்களோட தலைநகரம்ங்கிறத மட்டும் யாரும் பேசறதில்லைங்க.

சீனாவுல செங்டுன்னு ஒரு ஊர் இருக்கு. சிச்சுவான் மாகாணத்தோட தலைநகர். கி.பி. 221ல இருந்து 263 வரைக்கும் ஷூ அரசுக்கும் அதுதான் தலைநகர். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பேரையே மாத்திக்காத ஊரு. அங்க நெஞ்ச பூவேலைப் பட்டு ரொம்ப பிரபலம். அதனால "பட்டு நகரம்"னே ஒரு பட்டப்பேர் உண்டு. பட்டை அலசின ஆத்துக்கும் அதே பேர்தான். தலைநகரம், நெசவு, ஆறு. இந்த மூணையும் பார்த்ததும் எனக்கு கரூர்தான் ஞாபகம் வந்துச்சு.

கரூருக்கு ஆறு அமராவதி. சங்க இலக்கியத்துல ஆன்பொருநை. கி.பி. 2ம் நூற்றாண்டுல தாலமி எழுதின புவியியல் நூல்ல, சேர மன்னனோட தலைநகர் 'கரௌரா'ன்னு வருது, அதுவும் கடற்கரையில இல்லாம உள்நாட்டுல. சேரர் தலைநகரான வஞ்சி எதுன்னு அறிஞர்களுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு. கேரளாவுல இருக்கிற கொடுங்களூர்தான்னு ஒரு கட்சி. கரூர்தான்னு இன்னொரு கட்சி. ரா. இராகவையங்கார் 'வஞ்சிமாநகர்'னு புத்தகமே எழுதி கரூர் பக்கம் நின்னாரு.

எனக்கு ஏட்டை விட கல்லு மேல நம்பிக்கை ஜாஸ்தி. கரூர் பக்கத்துல புகளூர் ஆறுநாட்டார் மலையில தமிழ் பிராமி கல்வெட்டுகள் இருக்கு. சமணத் துறவிக்கு கல்படுக்கை வெட்டிக் கொடுத்த சேதி அதுல இருக்கு. இரும்பொறை வம்சத்துல தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை பேரும் வருது. கரூர்ப் பொன் வணிகன் ஒருத்தன் பேரும் அங்கேயே இருக்கு. ராஜா பேரு இருக்கிற மலையிலயே யாவாரி பேரும்! நம்ம பக்கத்து குணம் அன்னைக்கே இருந்திருக்கு பாருங்க.

அடுத்தது காசு. அமராவதி மணல்ல ரோமானியக் காசும் சேரர் காசும் நிறைய கிடைச்சிருக்கு. 'மாக்கோதை'ன்னு எழுதின வெள்ளிக்காசுல ஒரு தலை உருவம் இருக்கு. ரோமானியக் காசைப் பார்த்து செஞ்ச மாதிரியே இருக்கும். மேற்குக் கடற்கரை முசிறியில இறங்கின சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா கொங்குநாட்டுக்குள்ள வரும். வழியில நொய்யல் கரையில கொடுமணல், கல்மணியும் இரும்பும் செஞ்ச ஊரு. அப்புறம் கரூர். திருப்பூருக்கு முன்னாடியே இது ஏத்துமதி பெல்ட்டுதானுங்க.

சேரருக்கு அப்புறம் இதே ஊரு சோழர் காலத்துல முடிவழங்கு சோழபுரம் ஆச்சு. பின்னாடி மைசூர்க்காரங்களும் கம்பெனிக்காரங்களும் கோட்டைக்கு அடிச்சுக்கிட்டாங்க. 1790ல கம்பெனிப் படை பிடிச்சுது. 1910 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லா, அதுக்கப்புறம் திருச்சி, 1995லதான் தனி மாவட்டம். ராஜா இருந்த ஊருக்கு ஒரு கலெக்டர் ஆபீஸ் கிடைக்க இவ்வளவு காலம்!

இப்ப என்னை உறுத்தற விஷயத்துக்கு வர்றேன். நம்ம திருப்பூரைத் தாண்டிப் போற நொய்யல், கரூர் மாவட்டத்துல போய்த்தான் காவேரியில சேருது. 1992ல பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டி ஆயிருச்சு. தண்ணி வேணும்னு போராட வேண்டிய விவசாயிங்க, திறந்து விடாதீங்கன்னு போராடினாங்க. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் 700க்கும் மேல சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நமக்கு உறைச்சுது. கரூர்க்காரங்களும் சளைச்சவங்க இல்ல, அவங்க சாயம் அமராவதியில போச்சு.

பட்டை அலசினதால செங்டு ஆத்துக்கு ஒரு பேரு கிடைச்சுது. துணியை அலசினதால நம்ம ஆறுகளுக்கும் ஒரு பேரு கிடைச்சுது, ஆனா அது வெளிய சொல்லிக்கிற பேரா? தொழிலை மூடணும்னு நான் சொல்ல வரல. பனியன் இல்லாட்டி இங்க பாதி வீட்ல அடுப்பெரியாது. ஆனா சேரன் காலத்து யாவாரி ஆத்துல காசை விட்டுட்டுப் போனான். இன்னும் ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு நம்ம ஆத்தைத் தோண்டறவனுக்கு என்ன கிடைக்கும்னு யோசிச்சா கொஞ்சம் கூச்சமா இருக்கு.

அடுத்த தடவை கரூர் போனா பசுபதீஸ்வரரைக் கும்பிட்டுட்டு அப்படியே பஸ் ஏறிடாதீங்க. அரசு அருங்காட்சியகத்தையும் புகளூர் மலையையும் ஒரு எட்டு பாருங்க. கரூர் நண்பர்கள் யாராச்சும் படிச்சா, நான் விட்டதை நீங்க எழுதுங்க.