உடன் உழைப்போர்

ஒரே தொழில் ஒருவருக்கு இனிப்பதும் மற்றொருவருக்குச் சுமையாவதும் ஏன்? ஊதியமும் வேலைநேரமுமே காரணங்கள் என நெடுங்காலம் கருதப்பட்டது. அருகமர்ந்து உழைப்பவரைத் துணையாகக் காண்கிறோமா, தடையாகக் காண்கிறோமா என்பதும் தொழிலின் சுவையை மாற்றும் என்பதற்கு, அமெரிக்காவின் சிகாகோ நகரை அடுத்திருந்த ஹாதார்ன் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலை சான்று பகர்கிறது.

அங்கே 1927ஆம் ஆண்டில் பெண்கள் சிலர் தனியறை ஒன்றில் பணியமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ 35 சிறு உறுப்புகளைப் பொருத்தி, 'ரிலே' என்னும் மின்கருவியை உருவாக்குவது அவர்தம் பணி. நாள் முழுதும் கைகளுக்கு ஒரே அசைவு, சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும், அச்சிறு குழு கூட்டாகச் செய்து முடித்த அளவைக் கொண்டே அவர்களின் ஊதியம் கணக்கிடப்பட்டது. ஒருவரின் விரைவு அனைவருக்கும் பயனாயிற்று. ஒருவர் சோர்ந்தபோது மற்றவர் கை விரைந்தது. நட்பு வளர்ந்தது, உற்பத்தியும் பெருகியது.

1931ஆம் ஆண்டின் இறுதியில் மற்றோர் அறையில் 14 ஆண்களின் பணி ஆராயப்பட்டது. தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி பொருத்தும் வேலை அது. அங்கும் கூட்டு ஊதியமே. ஆனால், அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். மிகுதியாக உழைத்தால் கூலி விகிதம் குறையும், உடனிருப்போர் வேலையிழப்பர் என அவர்கள் அஞ்சினர். நாளொன்றுக்கு இரண்டு கருவிகள் போதுமெனத் தமக்குள் எல்லை வகுத்தனர். அதனைக் கடந்தவர் ஏளனத்துக்கு உள்ளானார்; தோளில் குத்தும் பெற்றார். திறமையே அங்குக் குற்றமாயிற்று.

இவ்வாய்வை ஐயுற்றோரும் உளர். ஒத்துழைக்கவில்லையெனப் பெண்கள் இருவர் இடையில் மாற்றப்பட்டதையும், ஊதிய உயர்வின் பங்கையும் அவர்கள் சுட்டினர். அவ்வாறாயினும், இரண்டாம் அறையினரைச் சோம்பேறிகள் எனத் தள்ளிவிட இயலாது. ஒருவரையொருவர் காக்கவே அவர்கள் கைகளை அடக்கினர்.

அமெரிக்க உளவியல் அறிஞர் மார்ட்டன் டாய்ச், 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட கோட்பாட்டில் இதன் வேரை விளக்கினார். பிறர் வெற்றியில் தம் வெற்றியும் அடங்கியுள்ளது என நம்புவோர் அறிவைப் பகிர்வர். பிறர் உயர்வு தம் தாழ்வு என எண்ணுவோர் அதனை மறைப்பர். குறிப்பேட்டை நண்பனிடமிருந்து மறைக்கும் மாணவனுக்கும் இது பொருந்தும். அவனுக்குப் பாடத்தோடு அச்சமும் சுமையாகிறது.

ஹாதார்னின் இரண்டு அறைகளிலும் ஒற்றுமை இருந்தது. உழைப்பின் பயன் தமக்கே வரும் என நம்பிய இடத்தில் அது கைகளை விரைவித்தது. நம்பிக்கை அற்ற இடத்தில் அதே ஒற்றுமை கைகளைக் கட்டியது.