குத்தாலத்தில் ஒரு கார் பரீட்சை!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அருவி கொட்டுகிற குற்றாலம் இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு துண்டும் சோப்புமாக யாரும் கிளம்பிவிடாதீர்கள். அது தென்காசிப் பக்கம். இது குத்தாலம். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, காவிரியின் தென்கரையில் இருக்கிறது. எங்கள் பூர்வீகம். 'சொந்த ஊர் குத்தாலம்' என்று சென்னையில் யாரிடமாவது சொன்னால், 'அப்படியா, சீசன் ஆரம்பிச்சாச்சா சார்?' என்பார்கள். எங்கள் ஊரில் சீசன் என்றால் அறுவடைதான்.

ஊர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது. முதலில் தஞ்சாவூர் ஜில்லா. 1991-ல் நாகப்பட்டினம். 2020-ல் மயிலாடுதுறை. ரேஷன் கார்டில் அடித்துத் திருத்தியே தாத்தா காலம் அப்பா காலம் எல்லாம் போய்விட்டது.

இந்த ஊருக்கு இந்தத் தை மாதக் கடைசியில் நான் போனது ஒரு பஞ்சாயத்துக்காக. நிலத் தகராறா என்றால், இல்லை. கார் தகராறு!

சித்தப்பாவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஊரில் அப்பா, அம்மாவுக்கு ஒரு கார் வாங்கி நிறுத்த வேண்டும் என்பது அவன் ஆசை. நல்ல ஆசைதான். சித்திக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏறுவதற்குள் கண்டக்டர் இரண்டு விசில் அடித்துவிடுகிறார். ஆனால் எந்தக் கார் என்பதில்தான் சிக்கல். கையிருப்புக்கு ஹுண்டாய் கிரெட்டா வரும். மனசு கேட்பது பி.எம்.டபிள்யூ. எக்ஸ் ஒன். அதை எட்ட வேண்டுமானால் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற மூன்று மா நிலத்தை விற்க வேண்டும். மனை போடுகிற ஆசாமி ஒருவர் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்.

(வெளியூர் வாசகர்களுக்கு: மூன்று மா என்றால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. சித்தப்பாவிடம் இருப்பது மொத்தமே ஒன்பது மா.)

"அண்ணே, நீங்க பி.காம். படிச்சவங்க. கணக்குப் போட்டு நீங்களே சொல்லுங்க" என்றான் தம்பி. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

பரீட்சை வைக்க வசதியாக இரண்டு வண்டிகளும் கிடைத்தன. கிரெட்டா, தம்பியின் மாமாவுடையது. எக்ஸ் ஒன், தம்பியின் சென்னை நண்பருடையது. தங்கைக்கு வரன் வேண்டி அவர் குடும்பத்தோடு திருமணஞ்சேரிக்கு வந்திருந்தார். குத்தாலத்திலிருந்து காவிரியைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் திருமணஞ்சேரி. கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் தமிழ்நாடு முழுக்கவிருந்து வருகிற தலம். வேண்டிக்கொண்டு மாலை வாங்கிப் போவார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து நன்றி சொல்வார்கள். கோயில் வாசலில் நின்று பார்த்தால் தமிழ்நாட்டில் எந்தெந்தக் குடும்பம் எந்தெந்த வண்டியில் போகிறது என்பது தெரிந்துவிடும். வேன், டாக்சி, ஷேர் ஆட்டோ எல்லாம் இருக்கும். பி.எம்.டபிள்யூ. அபூர்வம்.

இரண்டு வண்டிகளின் ஜாதகத்தையும் முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டுமே நம்ம ஊர்ப் பிள்ளைகள்தான். கிரெட்டா பிறப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். ஜெர்மன் பேர் வைத்திருக்கிற எக்ஸ் ஒன்னைப் பூட்டி இறக்குவது செங்கல்பட்டுக்கு முன்னால் மகேந்திரா சிட்டியில். 2007-லிருந்து பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை அங்கே ஓடுகிறது. ஆக, 'ஃபாரின் வண்டி' என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. இரண்டும் தமிழ்நாட்டு மண்ணைப் பார்த்து வளர்ந்தவைதான்.

உருவத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. 2024-ல் வந்த கிரெட்டா நீளம் 4,330 மில்லிமீட்டர், அகலம் 1,790. 2023-ல் வந்த எக்ஸ் ஒன் நீளம் 4,500, அகலம் 1,845. அதாவது ஒரு சாண் நீளம், நான்கு விரல்கடைக்கும் குறைவாக அகலம். இரண்டிலும் ஐந்து பேர்தான். 'பார்த்தால் ஜீப் மாதிரி இருக்கே, சேற்றில் போகுமா?' என்று கேட்டார் எதிர்வீட்டு மாமா. போகாது. இரண்டுமே உயரமான உடம்பு வைத்த கார்கள். இந்தியாவில் விற்கிற இந்த எக்ஸ் ஒன்னிலும் கிரெட்டாவிலும் எஞ்சின் முன் சக்கரங்களை மட்டும்தான் இழுக்கும். வயலில் இறங்கினால் இரண்டையும் வெளியே எடுக்க ஒரே டிராக்டர்தான் வர வேண்டும்.

மைலேஜ்? கம்பெனிக் கணக்குப்படி டீசல் எக்ஸ் ஒன் லிட்டருக்கு 20.37 கிலோமீட்டர். டீசல் கிரெட்டா கியர் வண்டி 21.8, ஆட்டோமேட்டிக் 19.1. பணக்கார வண்டி அதிகமாகக் குடிக்கும் என்பது பழைய நினைப்பு.

சரி, கிளம்பினோம். போகும்போது நாங்கள் கிரெட்டாவில், நண்பர் குடும்பம் எக்ஸ் ஒன்னில். திரும்பும்போது வண்டி மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

அதற்கு முன் உள்ளூர் சாமிக்கு ஒரு கும்பிடு. குத்தாலம் உக்தவேதீஸ்வரருக்குத் தமிழில் அழகான பேர் ஒன்று உண்டு: சொன்னவாறு அறிவார். கார் ஷோரூம்களில் எழுதி மாட்டலாம்! பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கல்லில் எடுப்பித்த கோயில்களில் இதுவும் ஒன்று. தேவார மூவரும் பாடிய ஊர். அவர்கள் காலத்தில் பேர் திருத்துருத்தி. அம்பாளைக் கல்யாணம் செய்துகொள்ள வந்த இறைவன், தன் பாதுகைகளையும் குடையாகக் கூடவே வந்த உத்தால மரத்தையும் இங்கே விட்டுவிட்டுப் போனார் என்பது தல வரலாறு. உத்தாலம்தான் குத்தாலம் ஆனது என்பார்கள். மரத்தடியில் அந்தப் பாதுகைகளை இன்றைக்கும் கும்பிடலாம்.

கோயிலைத் தாண்டி ஆற்றுப் பாலம் ஏறி இறங்கியதும் ஆரம்பித்தது நிஜமான பரீட்சை. சம்பா அறுவடை நேரம். பாதி ரோட்டில் நெல் காய்கிறது. நெல்லுக்குக் காவலாக நாலு கருங்கல். மீதி ரோட்டில் எதிரே அறுவடை மெஷின் வருகிறது. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல். எக்ஸ் ஒன் டீசல் வண்டி நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் எடுக்க 8.9 விநாடி போதுமாம். திருமணஞ்சேரி ரோட்டில் மணிக்கு 30 எடுத்தாலே டிரைவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். அந்த நான்கு விரல்கடை அகலம் இங்கேதான் தெரிந்தது. கிரெட்டா ஒதுங்கிய இடத்தில் எக்ஸ் ஒன் நின்று, கண்ணாடியை மடக்கி, நண்பரின் தங்கை இறங்கி 'வா... வா... போதும்' சொல்லித்தான் வந்து சேர்ந்தது.

தரிசனம் முடிந்தது. நண்பரின் தங்கை கையில் மாலை. சித்தியின் கையில் கத்தரிக்காய். (கோயிலுக்குப் போனாலும் வழியில் மலிவாகக் கண்டால் சித்தி விட மாட்டார்.) வண்டி மாறினோம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா? கதவைச் சாத்தியதும் வெளியுலகம் காணாமல் போனது. அறுவடை மெஷின் சத்தம் பக்கத்து ஊரில் கேட்கிற மாதிரி இருந்தது. சீட் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தது. பள்ளத்தில் இறங்கியது கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. பாதுகாப்பிலும் மார்க் அதிகம். 2022-ல் ஐரோப்பியச் சோதனையில் இந்த எக்ஸ் ஒன் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே வருஷம் குளோபல் என்கேப் சோதனையில் அப்போதைய கிரெட்டாவுக்கு மூன்று. இரண்டும் வேறு வேறு பரீட்சை, அப்படியே கூட்டிக் கழிக்க முடியாது. கிரெட்டாவிலும் பிறகு ஆறு காற்றுப் பைகளை எல்லா ரகத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் மார்க் மார்க்தானே.

"குளுருது, கொஞ்சம் கொறைங்க தம்பி" என்றார் சித்தி. நண்பர் டி.வி. மாதிரி வளைந்திருந்த திரையில் விரலால் தேடினார். ஏ.சி.க்குத் தனியாகக் குமிழ் கிடையாது, எல்லாம் திரைக்குள்தான். அது கிடைப்பதற்குள் சித்தி புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டுவிட்டார். கிரெட்டாவில் திருகுவதற்குக் குமிழ் இருக்கிறது. இது சின்ன விஷயம்தான்.

சின்னதாகத் தோன்றாத விஷயம் ஒன்று, வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு தெரிந்தது. சித்தியின் காலில் செருப்பு இல்லை.

"செருப்பு எங்கே சித்தி?"

"கழட்டி அந்தப் பையிலே வச்சிருக்கேன்ப்பா. உள்ளே வெள்ளையா இருக்கு. காலெல்லாம் மண்ணு."

நண்பர் துடித்துப்போய்விட்டார். "ஐயோ அம்மா, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போட்டுக்கங்க!" நல்ல மனுஷர், நிஜமாகவே சொன்னார். சித்தி சிரித்தாரே தவிர, செருப்பைப் போடவில்லை. கத்தரிக்காய்ப் பையையும் வீடு வரை மடியிலேயே வைத்திருந்தார். போகும்போது கிரெட்டாவில் அதே சித்தி, அதே செருப்போடு ஏறி, காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டு வந்தவர்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் என் பி.காம். கடை திறந்தது.

அரசாங்கத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். தமிழ்நாட்டின் ஆயுள்கால சாலை வரி, 10 முதல் 20 லட்சம் விலையுள்ள காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20. எக்ஸ் ஒன் டீசல் 2023-ல் அறிமுகமான ஷோரூம் விலை 47.90 லட்சம். அந்த விலைக்குச் சாலை வரி மட்டும் ஒன்பதரை லட்சம். ஒரு குட்டிக் காரின் விலையை ரோட்டுக்கே கொடுக்க வேண்டும். அந்த ரோட்டில்தான் நெல் காய்கிறது. கிரெட்டா 2024-ல் 10.99 லட்சத்தில் ஆரம்பித்து, உச்ச ரகம் 20 லட்சத்தை ஒட்டி நின்றது. விலை ஏறும், இறங்கும். வரி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். வித்தியாசம் 25 லட்சம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம்.

"தம்பி, இருபத்தஞ்சு லட்சம்னா எவ்வளவு நெல்லு தெரியுமா?"

2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்து குவிண்டால் 2,500 ரூபாய். அப்படியானால் 25 லட்சம் என்பது 1,000 குவிண்டால். அறுபது கிலோ மூட்டையாகக் கட்டினால் 1,666 மூட்டை. ஏக்கருக்கு முப்பது மூட்டை என்றால் 55 ஏக்கர். நம்ம கணக்கில் எட்டு வேலிக்கு மேல் ஒரு போகம்! சித்தப்பாவின் ஒன்பது மாவில் என்றால் பதினெட்டுப் போகம் விளைந்தும் போதாது. இதில் விதை, நடவு, உரம், மெஷின் வாடகை எதையும் கழிக்கவில்லை. மேட்டூர் திறந்து, மழை சொன்ன நாளில் பெய்து, இரண்டு போகமும் வீடு வந்து சேர்ந்தாலே ஒன்பது வருஷத்துக்கு மேல்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் சம்பாதிச்ச காசுண்ணே. ஆசைப்படக் கூடாதா?" என்றான்.

நியாயமான கேள்வி. நாள் முழுக்கத் தானே ஓட்டி, சென்னைக்கும் திருச்சிக்கும் நாலு வழிச் சாலையில் அடிக்கடி போய் வருகிறவனுக்கு எக்ஸ் ஒன் கொடுக்கிற சுகமும் பத்திரமும் வீண் செலவு இல்லை. அந்த நண்பர் அப்படிப்பட்டவர், அவருக்கு அது சரி. ஆனால் இந்த வண்டி நிற்கப் போவது குத்தாலத்தில். ஓட்டப் போவது வாடகை டிரைவர். ஏறப் போவது சித்தியும், சித்தியோடு ஆஸ்பத்திரிக்குத் துணை வருகிற பக்கத்து வீட்டு அத்தையும், ஒரு சாக்கு தேங்காயும். சின்ன ரிப்பேர் என்றால் கிரெட்டாவுக்குக் கும்பகோணத்தில் ஆள் உண்டு. எக்ஸ் ஒன்னுக்குப் பெரிய நகரம்தான் கதி. இதைத்தான் அவனிடம் சொன்னேன்.

அப்போதுதான் சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தார். "எது வேணா வாங்குப்பா. உங்கம்மா செருப்போட ஏறுற மாதிரி வாங்கு."

அவ்வளவுதான். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி சிங்கப்பூர் போவதற்கு முன் கிரெட்டாவுக்கு முன்பணம் கட்டிவிட்டான். நிறம் மட்டும் சித்தியின் தேர்வு: மண் பட்டால் தெரியாத நிறம். மனை ஆசாமி மூன்றாவது தடவை வந்தபோது காபி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. அந்த மூன்று மாவில் அறுவடைக்கு முன்பே தெளித்த உளுந்து இப்போது தளதளவென்று நிற்கிறதாம். சித்தப்பா போனில் சொன்னார்.