லயத்துக் கோழிக்குத் தீன் எங்கே?

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் சோள இறக்குமதி தடைப்பட, கோழித்தீன் விலை எகிறியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையே கொண்டுவர வேண்டியிருந்தது. மூடைத் தீனை மட்டும் நம்பினால் தோட்ட லயத்தில் நாலைந்து கோழி வளர்ப்பதுகூடக் கட்டுப்படியாகாது. சோளம் விளைவது அநுராதபுரம், மொனராகலைப் பக்கம். ஹட்டனுக்கு அது லொறி ஏறித்தான் வரவேண்டும். நம்மிடம் இருப்பதோ கோவா இலை, கரட் தழை, மிஞ்சிய சோறு, எருக்குழி மண்புழு.

“இலையைத் தின்று கோழி முட்டையிடுமா?” நியாயமான கேள்விதான். முட்டைக்கோழிக்கு நாளுக்குச் சுமார் 110 கிராம் தீன் வேண்டும், அதில் 16 சதவீதமாவது புரதம் இருக்கவேண்டும். இலையிலோ பெரும்பகுதி தண்ணீர். ஆகவே அரிசித் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும், உப்புப் போகக் கழுவி இடித்த நெத்தலித் தலையும் சேர்க்கத்தான் வேண்டும். முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துக் கலந்தால் சுண்ணாம்புச் சத்துக்கு ஆகும். முட்டை கொஞ்சம் குறையும், உண்மை. ஆனால் விற்பனைக்கல்ல, பிள்ளைகளின் தட்டுக்கு வளர்ப்பவருக்கு, கையிலிருந்து போகும் காசு குறைவதே பெரிது.

என் கவலை மருந்து பற்றியது. நுவரெலியாவில் மரக்கறிக்கு அடிக்கும் மருந்து வெளி இலையில்தான் அதிகம் தங்கும். மருந்தடித்த நாள் தெரியாத இலையையும், பச்சை படிந்த உருளைக்கிழங்குத் தோலையும் தயவுசெய்து கோழிக்குப் போடாதீர்கள்.